கோப்புகள் பூட்டப்படும்போது: ரான்சம்வேர் தாக்குதலும் வன்கொடுமை ஆவணங்களின் பாதுகாப்பும்

புதுக்கோட்டை மாவட்டம் முட்டுக்காடு ஊராட்சிக்கு உட்பட்ட வேங்கைவயலில், தலித் மக்கள் குடிநீர் எடுக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி விசாரணை 60 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததோ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில்தான். பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே அது குற்றவாளிகளாக நிறுத்தியது. அதை அப்பகுதி மக்களும் தலித் இயக்கங்களும் ஏற்க மறுத்தனர். அந்த விசாரணையில் கைப்பேசிகளிலிருந்து மீட்கப்பட்ட படங்களும் உரையாடல்களும் மையமான இடத்தைப் பெற்றன என்பதை நாம் அனைவரும் கண்டோம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. வன்கொடுமை வழக்குகளின் சான்றுகள் இன்று பெருமளவு மின்னணுக் கோப்புகளாகவே இருக்கின்றன. அந்தக் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் பழுதின்றி இருந்தாக வேண்டும். காவல்துறையிடம் உள்ள கோப்புகளுக்குத் தடய அறிவியல் ஆய்வகமும் பாதுகாப்பு அறையும் உண்டு. உண்மை அறியும் குழுக்கள் எடுத்த ஒளிப்படங்கள், சாட்சிகளின் வாக்குமூலப் பதிவுகள், காயச் சான்றிதழ்களின் நகல்கள், மனுக்களுக்குப் பெற்ற ஒப்புகைச் சீட்டுகள் ஆகியவை எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் ஒரு மடிக்கணினியில். அதிகம் போனால் அதனுடன் ஒரு பென்டிரைவில்.

ஒரு நாள் காலை அந்த மடிக்கணினியைத் திறக்கும்போது எல்லாக் கோப்புகளின் பெயர்களும் மாறியிருக்கின்றன, எதுவும் திறக்கவில்லை, 'உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, பணம் செலுத்தினால் திறந்து தருகிறோம்' என்ற அறிவிப்பு திரையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் ரான்சம்வேர் தாக்குதல். அது எவ்வாறு இயங்குகிறது, தாக்கப்பட்டால் என்ன செய்ய வேண்டும், சான்றின் மதிப்புக் குறையாமல் எவ்வாறு மீள்வது என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

பூட்டு எவ்வாறு செயல்படுகிறது

ரான்சம்வேர் என்பது பிணைப்பணம் பறிக்கும் மென்பொருள். அது கோப்புகளைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. நம் கணினியிலேயே விட்டுவைத்து, நம்மால் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துவிடுகிறது. வங்கிப் பரிமாற்றத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பாதுகாக்கின்ற அதே கணிதம்தான் இங்கே நமக்கு எதிராகத் திருப்பப்படுகிறது.

குறியாக்கம் இரண்டு வகைப்படும். முதல் வகையில் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோல்தான். ஏ.இ.எஸ். என்ற முறை இவ்வகையைச் சேர்ந்தது; மிக விரைவானது. இரண்டாம் வகையில் திறவுகோல்கள் இரண்டு. ஒன்று பூட்டுவதற்கு, அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மற்றது திறப்பதற்கு, அது உரியவரிடம் மட்டுமே இருக்கும். ஆர்.எஸ்.ஏ. என்ற முறை இவ்வகையைச் சேர்ந்தது. முதல் திறவுகோலைக் கொண்டு இரண்டாவதைக் கண்டுபிடிப்பது, இன்றைய கணினிகளின் ஆற்றலைக் கொண்டு நடைமுறையில் இயலாது.

தாக்குபவர்கள் இவ்விரண்டையும் இணைக்கிறார்கள். மென்பொருள் நம் கணினிக்குள் நுழைந்ததும் முதல் வகைத் திறவுகோல்களை அங்கேயே உருவாக்கி, ஆவணங்களையும் படங்களையும் காணொளிகளையும் விரைவாகப் பூட்டுகிறது. பின்னர் அந்தத் திறவுகோல்களையே, தன்னுடன் கொண்டுவந்த இரண்டாம் வகைப் பூட்டும் திறவுகோலால் பூட்டிவிடுகிறது. அதைத் திறக்க வேண்டிய இணைத் திறவுகோல் தாக்கியவரிடமே இருக்கிறது. நம் கணினிக்குள் ஒருபோதும் வந்ததே இல்லை. ஆகவே கணினியை எவ்வளவு துருவினாலும் அது கிடைக்காது. இதற்கு முன்பாகவோ இதனுடனோ, விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நிழற்படிகளையும் அந்த மென்பொருள் அழித்துவிடுகிறது. கணினியுடன் இணைக்கப்பட்டிருக்கும் பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், அலுவலக வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறை ஆகிய அனைத்தும் அதே வேகத்தில் பூட்டப்படுகின்றன.

இம்முறை ஒரே நாளில் உருவானதன்று. 1989இல் ஜோசப் பாப் என்ற ஆய்வாளர் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகளை அஞ்சலில் அனுப்பினார். கணினியை 90 முறை இயக்கிய பின் அதிலிருந்த நிரல் கோப்புகளின் பெயர்களை மறைத்து, பனாமாவில் உள்ள அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. திறவுகோல் அந்த நிரலுக்குள்ளேயே இருந்ததால் வல்லுநர்கள் அதை எளிதில் முறியடித்தனர். 1996இல் ஆடம் யங், மோட்டி யங் ஆகிய இருவரும், இரண்டு திறவுகோல் முறையைப் பயன்படுத்தினால் அந்தப் பலவீனம் நீங்கிவிடும் என்று ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்தனர். 2013இல் வந்த கிரிப்டோலாக்கர் அந்த எச்சரிக்கையை உண்மையாக்கியது. அடையாளத்தை மறைத்துப் பணம் பெறுவதற்கு பிட்காயினும் அதற்குள் வந்துவிட்டது.

எந்த வழியாக நுழைகிறது

முதல் வழி மின்னஞ்சல். 'நீதிமன்ற அழைப்பாணை', 'கூரியர் விவரம்', 'கல்வி உதவித்தொகை' என்ற தலைப்புகளில் வரும் இணைப்பைத் திறக்கும்போது தீய நிரல் உள்ளே வருகிறது. செயற்பாட்டாளர்களுக்கு இந்த வழி ஏற்கெனவே கசப்பானது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியில் தீய நிரல் வழியாகக் கோப்புகள் புகுத்தப்பட்டன என்று, அவருடைய தரப்புக்காக ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில் கூறியது. அங்கும் தொடக்கம் ஒரு மின்னஞ்சல் இணைப்பே என்றது அவ்வறிக்கை. அது ரான்சம்வேர் அன்று. ஆயினும் இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்.

இரண்டாம் வழி, விலை கொடுக்காமல் பெறும் திருட்டு மென்பொருள். போட்டோஷாப், எம்.எஸ். ஆபிஸ், காணொளி தொகுப்பு மென்பொருள் ஆகியவற்றின் 'கிராக்' பதிப்புகளைத் தரவிறக்கும்போது அவற்றுடன் ரான்சம்வேரும் வருகிறது. ஸ்டாப் அல்லது டிஜேவியூ எனப்படும் குடும்பம் இவ்வழியாகவே உலகெங்கும் தனிநபர் கணினிகளைத் தாக்கியது. துண்டறிக்கை வடிவமைக்கும் மாணவர் தோழர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருட்கள் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கின்றன.

மூன்றாம் வழி, புதுப்பிக்கப்படாத இயங்குதளம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை இதற்குச் சான்று. விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, நிறுவாதவர்கள் சிக்கினர். சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. கேரளத்தில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் ஆகிய கிராம ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும் பூட்டப்பட்டன. கணினி ஒன்றுக்கு 300 டாலர் கேட்கப்பட்டது. ஊராட்சி அலுவலகத்தை யார் தாக்கப்போகிறார்கள் என்று எண்ணுவதில் பொருளில்லை. அந்த மென்பொருள் ஆளைப் பார்த்து வரவில்லை. ஓட்டையைப் பார்த்து வந்தது.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினிகளை இன்றும் பயன்படுத்துவோர் தம்முடைய விண்டோஸ் பதிப்பைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. புதிய கணினி வாங்க இயலாதவர்கள் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது செலவில்லாத தீர்வாகும்.

அரசு அலுவலகங்களும் தப்பவில்லை

2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் இயங்கும் தமிழ்நாடு அரசின் பொதுத்துறையின் கணினிகள் ரான்சம்வேரால் தாக்கப்பட்டன. முக்கியப் பிரமுகர்களின் வருகை தொடர்பான கோப்புகள் பூட்டப்பட்டன என்றும், 1,950 டாலர் மதிப்புள்ள மறையீட்டு நாணயம் கேட்கப்பட்டது என்றும் செய்திகள் வெளியாயின.

அடுத்த ஆண்டு நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. புறநோயாளர் பதிவு, ஆய்வக முடிவுகள், அனுமதிச் சீட்டு ஆகிய அனைத்தும் சுமார் இரண்டு வாரங்கள் கையால் எழுதப்பட்டன. ஐந்து சேவையகங்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் கூறப்பட்டது. ஏழை நோயாளிகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து காத்திருக்கும் மருத்துவமனை அது. கணினி முடங்கியதன் சுமை வரிசையில் நின்றவர்கள் மீதே விழுந்தது. எனினும் மருத்துவமனை மீண்டது. மீட்டது எந்தத் திறவுகோலும் அன்று. தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்புச் சேவையகத்திலிருந்து தரவு மீட்கப்பட்டது.

இச்செய்தியே நமக்கு முதன்மையானது. வேறிடத்தில் நகல் வைத்திருந்ததால் ஒரு பெரிய மருத்துவமனை மீண்டது. நகல் இல்லாத சிறிய அமைப்பு என்ன செய்யும்?

இரண்டாவது மிரட்டல்

2019ஆம் ஆண்டின் இறுதியில் மேஸ் என்ற கும்பல் ஒரு புதிய வழக்கத்தைப் பரவலாக்கியது. பூட்டுவதற்கு முன்பே கோப்புகளை நகலெடுத்துச் சென்று, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டுவது. இன்று பெருங்கும்பல்கள் பலவும் இதைச் செய்கின்றன.

வணிக நிறுவனத்துக்கு இது நட்டம். நம்முடைய ஆவணங்களைப் பொறுத்தவரை இது உயிருக்கு ஆபத்து. சாட்சி யார், அவர் எந்தத் தெருவில் இருக்கிறார், என்ன சொன்னார் என்பவை எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை ஊரில் வாழ்பவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புப் பெறும் உரிமையை அளிக்கிறது. ஆகவே தாக்குதல் நடந்தால் கோப்புகளை மீட்பதோடு பணி முடிவதில்லை. கசிந்திருக்கக்கூடிய விவரம் யாருடையதோ அவருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். தேவையெனில் 15ஏ பிரிவின் கீழ்ப் பாதுகாப்புக் கோரி வழக்கறிஞர் வழியே சிறப்பு நீதிமன்றத்தை அணுக வேண்டும். நம்முடைய அலுவலகத்தின் கௌரவத்தை எண்ணி இதை மறைப்பது, நம்மை நம்பிப் பேசியவருக்குச் செய்யும் துரோகம்.

முதல் ஒரு மணி நேரம்

கோப்புகள் திறக்கவில்லை, பெயர்களின் இறுதியில் அறிமுகமில்லாத எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன, பணம் கேட்கும் அறிவிப்பு தோன்றுகிறது என்றால் பின்வருவனவற்றை இதே வரிசையில் செய்ய வேண்டும்.

ஒன்று: வலையமைப்புக் கம்பியைப் பிடுங்க வேண்டும், வைஃபையை நிறுத்த வேண்டும். கணினியுடன் இணைந்துள்ள பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். அலுவலகத்தின் மற்றக் கணினிகளையும் இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டும்.

இரண்டு: துண்டித்த பின் கணினியை அவசரப்பட்டு மறுதொடக்கம் செய்யக் கூடாது. சில வேளைகளில் திறவுகோலின் தடயம் கணினியின் தற்காலிக நினைவகத்தில் எஞ்சியிருக்கும். வான்னாக்ரை தாக்கிய சில கணினிகளில், மறுதொடக்கம் செய்யாதிருந்தவர்களுக்கு மட்டும் நினைவகத்திலிருந்து திறவுகோலை மீட்டெடுக்க ஆய்வாளர்களின் கருவிகள் உதவின. ஆனால் கோப்புகள் கண்ணெதிரே ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டே இருந்தால், எஞ்சியவற்றைக் காப்பாற்றக் கணினியை உடனே அணைப்பதே சரி.

மூன்று: திரையில் உள்ள அறிவிப்பையும் பூட்டப்பட்ட கோப்புகளின் பெயர்களையும் வேறொரு கைப்பேசியால் படமெடுக்க வேண்டும். கண்டறிந்த நாள், நேரம், கண்டவர் பெயர், கடைசியாகத் திறந்த மின்னஞ்சல் அல்லது நிறுவிய மென்பொருள் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

நான்கு: காப்பு நகல் உள்ள ஹார்ட் டிஸ்க்கை 'இருக்கிறதா பார்ப்போம்' என்று அந்தக் கணினியில் செருகவே கூடாது. பல அமைப்புகள் எஞ்சிய ஒரே நகலையும் இழப்பது இந்தப் பதற்றத்தில்தான்.

ஐந்து: மின்னஞ்சல், முகநூல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

ஆறு: பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்கக் கூடாது. தெருமுனைக் கடையில் கொடுத்து 'ஃபார்மட்' செய்துவிடவும் கூடாது. அவை குற்றத்தின் தடயங்கள். பின்னாளில் திறக்கக்கூடியவையும் ஆகலாம்.

பூட்டைத் திறக்க முடியுமா

சில வேளைகளில் முடியும். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016 ஜூலையில் 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தைத் தொடங்கின. பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் மிரட்டல் அறிவிப்பையும் அங்கே பதிவேற்றினால், எந்தக் குடும்பம் தாக்கியது என்று அது கண்டறிந்து சொல்லும். திறக்கும் கருவி இருந்தால் இலவசமாகத் தரும். சாட்சியின் பெயரோ முகமோ இல்லாத ஒரு சாதாரணக் கோப்பையே பதிவேற்றத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று கருவி இல்லாவிட்டாலும் பின்னர் வரலாம். குற்றக் கும்பலின் சேவையகம் பிடிபடும்போது திறவுகோல்கள் கிடைப்பதுண்டு. கிரிப்டோலாக்கரின் திறவுகோல்கள் 2014இல் அவ்வாறே கிடைத்தன. பூட்டப்பட்ட கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஸ்டாப் குடும்பத்தின் தாக்குதலில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. விரைவுக்காக அது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தில் ஏறத்தாழ 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டுகிறது. சிறிய ஆவணம் முழுதும் போய்விடும். நீண்ட காணொளியின் பெரும்பகுதியோ தொடப்படாமல் இருக்கும். அதே கைப்பேசியில் எடுத்த பழுதற்ற வேறொரு காணொளியை மாதிரியாகக் கொண்டு, பழுதுநீக்கும் கருவிகளால் அதை ஓடவைக்க இயலும். இம்முயற்சியை எப்போதும் நகலின் மீதே செய்ய வேண்டும்.

'எந்த ரான்சம்வேரையும் திறந்து தருகிறோம்' என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டு திறவுகோல் முறை சரியாகச் செயல்படுத்தப்பட்டிருந்தால் அதை எந்தக் கடையாலும் திறக்க முடியாது. அவர்களில் சிலர் தாக்கியவருக்கே பணம் கொடுத்துத் திறவுகோல் வாங்கி, தம் பங்கையும் சேர்த்து நம்மிடம் வசூலிப்பவர்கள்.

பணம் கொடுக்கலாமா? கூடாது என்பதே நம் நிலைப்பாடு. கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்பதற்கு உறுதியில்லை. வந்தாலும் எல்லாக் கோப்புகளும் திறக்கும் என்பதற்கு உறுதியில்லை. எடுத்துச் சென்ற நகலை அழித்துவிட்டோம் என்ற அவர்களின் சொல்லைச் சரிபார்க்க வழியே இல்லை. மேலும், கொடுத்த பணம் அடுத்த தாக்குதலுக்கு முதலாகிறது.

புகாரும் சட்டமும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி இது குற்றம்; மூன்றாண்டுகள் வரை சிறையோ ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பணம் கேட்டு மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின் கீழ் வரும். மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்தில் எழுத்து வழியே புகார் அளிக்கலாம். 1930 என்ற உதவி எண்ணிலோ தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ பதிவு செய்யலாம். பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும், சம்பவத்தை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவு.

காவல் நிலையம் செல்லவே பலர் தயங்குவர் என்பதை நாம் அறிவோம். கணினியை ஒப்படைத்தால் அதிலுள்ள வாக்குமூலங்களும் சேர்ந்தே போகின்றன. எனவே வழக்கறிஞரைக் கலந்த பின்னரே ஒப்படைக்க வேண்டும். கைப்பற்றும் பட்டியலில் கருவியின் வரிசை எண்ணும், வட்டின் ஹாஷ் மதிப்பும் எழுதப்பட வேண்டும் என்று கோர வேண்டும். நமக்கென ஒரு முழு நகலும் கேட்க வேண்டும். இருப்பினும் புகார் அளிப்பது அவசியம். பின்னாளில் நீதிமன்றத்தில், 'மூலக் கோப்பு எங்கே, நீங்களே அழித்தீர்களா' என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது, தாக்குதல் நடந்த நாளிலேயே அளித்த புகாரின் ரசீதே நமக்கான விடை.

மீட்ட கோப்பு சான்றாகுமா

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுடன் ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. அதன் முதல் பகுதியைக் கோப்பைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு குறிக்கப்பட வேண்டும்.

ஹாஷ் மதிப்பு என்பது ஒரு கோப்பின் கைரேகை போன்றது. எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு குறியீட்டுத் தொடரைக் கணக்கிடலாம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தொடர் முற்றிலும் மாறிவிடும். ஷா-256 இன்று பரவலாகப் பயன்படும் முறை. விண்டோஸ் கணினியுடன் வரும் 'செர்ட்யூட்டில்' என்ற கருவியைக் கொண்டே, வேறெதையும் நிறுவாமல் இதைக் கணக்கிடலாம்.

ஆகவே களத்திலிருந்து திரும்பிய அன்றே ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கணக்கிட்டு, அச்சிட்டு, நாளிட்டு, இருவர் கையொப்பமிட்டுத் தாளாகப் பாதுகாக்க வேண்டும். தாளை எந்த ரான்சம்வேராலும் பூட்ட முடியாது. தாக்குதலுக்குப் பின் காப்பு நகலிலிருந்து கோப்பை மீட்டு மீண்டும் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டால், இரண்டும் ஒன்றாக இருக்கும். கோப்பு அன்றிலிருந்து மாறவில்லை என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. எடுத்த நாள், இடம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடுகின்றன. ஹாஷ் மதிப்பும் மாறிவிடுகிறது. சான்றாகக்கூடிய படத்தை 'ஆவணம்' என்ற தெரிவின் வழியாக அனுப்ப வேண்டும். மூலத்தையும் கைப்பேசியிலிருந்து நீக்கக் கூடாது.

மீட்கும்போது பழைய இயங்குதளத்தைச் சரிசெய்ய முயலக் கூடாது. பாதிக்கப்பட்ட வட்டை அப்படியே கழற்றி உறையிலிட்டு வைத்துவிட்டு, புதிய வட்டில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, திருத்தங்களை எல்லாம் ஏற்றிய பிறகே நகலிலிருந்து கோப்புகளைக் கொண்டுவர வேண்டும். நுழைந்த வழி அடைபடாவிட்டால் தாக்குதல் மீண்டும் வரும்.

மூன்று நகல், இரண்டு ஊர்

காப்பு நகலுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி ஒன்று உண்டு: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். மாவட்ட அளவிலான ஓர் அமைப்பு இதை இவ்வாறு நிறைவேற்றலாம். முதல் நகல் புதுக்கோட்டை அலுவலகக் கணினியில். இரண்டாவது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில். வாரம் ஒருமுறை நகலெடுத்த உடனே கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். மூன்றாவது நகல் மற்றொரு ஹார்ட் டிஸ்க்கிலோ இணையச் சேமிப்பகத்திலோ, அறந்தாங்கியிலோ திருச்சியிலோ உள்ள நம்பகமான தோழரின் பொறுப்பில். அல்லது உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை நடத்தும் வழக்கறிஞரிடம்.

வேறிடம் ஏன் வேண்டும் என்பதைப் புதுக்கோட்டை மக்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கடந்தபோது இம்மாவட்டத்தில் வீடுகள் சரிந்தன. மின்சாரம் பல நாட்கள் இல்லை. ஒரே கூரையின் கீழ் எத்தனை நகல்கள் இருந்தாலும் அவை ஒரே நாளில் அழியக்கூடும்.

கூகுள் டிரைவ் போன்ற சேமிப்பகம் மட்டும் போதும் என்று எண்ணக் கூடாது. கணினியிலுள்ள கோப்புறையை அது தானாக ஒத்திசைக்குமானால், பூட்டப்பட்ட கோப்பையும் நல்ல கோப்பின் மீது ஏற்றிவிடும். பழைய வடிவங்களை அது சுமார் 30 நாட்கள் வைத்திருக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். கணக்குக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பும் இருக்க வேண்டும்.

நகல்கள் பெருகும்போது கசியும் வாய்ப்பும் பெருகுகிறது. எனவே வெளியே செல்லும் ஹார்ட் டிஸ்க்கை நாமே குறியாக்கம் செய்து பூட்ட வேண்டும். வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அதன் கடவுச்சொல் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கைதானாலோ இறந்தாலோ ஆவணம் அவருடன் பூட்டப்பட்டுவிடக் கூடாது. சாட்சிகளின் பெயர்ப் பட்டியலை வாக்குமூலங்களோடு ஒரே கோப்புறையில் வைக்காமல், வாக்குமூலங்களில் எண்களை மட்டும் இட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே வைப்பது நல்லது.

இறுதியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் கொள்ளக் கூடாது. இப்பணியைக் கல்லூரி மாணவர்கள் ஏற்கலாம். ஓர் அமைப்புக்கு ஒரு மாணவர், வாரம் ஒரு மணி நேரம் என்ற அளவில் இது முடியும்.

நம்முடைய ஆவணங்கள் அழிவது புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழ், அவர் மறைவுக்குப் பின் நெடுங்காலம் பொது நினைவிலிருந்தே மறைந்திருந்தது. ஆர்வலர்கள் ஆங்காங்கே பாதுகாத்து வைத்திருந்த பிரதிகள் இருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது. எந்த அரசு ஆவணக் காப்பகத்தையும் நம்பாமல், வெவ்வேறு கைகளில் இருந்ததால் பிழைத்த எழுத்து அது.

பஞ்சமி நில வழக்காயினும் வன்கொடுமை வழக்காயினும், 'உங்களிடம் ஆவணம் இருக்கிறதா' என்பதே நம் மக்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. இல்லை என்று சொல்ல நேர்ந்ததால் தோற்ற வழக்குகள் பல. இவ்வாரம் உங்கள் அமைப்பின் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் நிகழ்ச்சிநிரலில் சேருங்கள்: நம் கோப்புகளின் இரண்டாவது நகல் எங்கே இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?